கணக்கு முடித்த பிறகும் கையைக் கட்டாதீர்கள்: யாழ்ப்பாணத்து முதலாளிமாருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய முதலாளிமாருக்கும் அவர்களுடைய மனிதவளப் பகுதியில் இருப்போருக்கும்,

வணக்கம். யாழ்ப்பாணத்தில் தொழில் வழக்குகள் பார்க்கும் சட்டத்தரணி நான். உங்களில் சிலருக்காக மன்றில் எழுந்து பேசியிருக்கிறேன், சிலருக்கு எதிராகவும் பேசியிருக்கிறேன். இந்த மடலை எந்தக் கட்சிக்காரருக்காகவும் எழுதவில்லை.

ஒருவர் வேலையை விட்டுப் போகும்போது அவர் கையில் நீங்கள் கொடுக்கும் விலகல் உடன்படிக்கையைப் பற்றித்தான் பேச்சு. ஐ.ரி. கொம்பனி, பைனான்ஸ் கொம்பனி, தனியார் வைத்தியசாலை, நகைக்கடை, ரியூட்டரி என்று இப்போது எல்லா இடத்திலும் அந்தக் கடதாசி வந்துவிட்டது. இரண்டு மூன்று பக்கம், ஆங்கிலத்தில். நடுவில் எங்கோ ஒரு வரி: இத்தனை காலத்துக்கு, இந்த எல்லைக்குள், இதே தொழில் செய்யக் கூடாது. கடைசிச் சம்பளக் காசோலை மேசையில் இருக்க, பிள்ளை அந்த வரியைப் பார்த்தும் பாராமலும் கையெழுத்து வைத்துவிட்டுப் போகும். பிறகு வேறிடத்தில் வேலை கிடைத்ததும் உங்கள் சட்டத்தரணியின் கோரிக்கைக் கடிதம் பதிவுத் தபாலில் வரும். அந்த இரண்டு கடதாசிகளையும் எடுத்துக்கொண்டு எங்களிடம் வருவார்கள்.

அப்படி என் மேசைக்கு வந்த ஒன்றைச் சொல்கிறேன். பெயரும் நிறுவனமும் வேண்டாம். மென்பொருள் சோதிக்கும் வேலை பார்த்த பெண் பிள்ளை. திட்டம் நின்றுவிட்டது, ஆளைக் குறைத்தார்கள். உடன்படிக்கையின் நாலாம் பந்தி சொல்கிறது: இரு தரப்புக்கும் இடையே முன்னர் இருந்த எல்லா ஒப்பந்தங்களும் கடப்பாடுகளும் இத்துடன் முடிவுறுகின்றன, இனி ஒருவர் மீது ஒருவருக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை. ஒன்பதாம் பந்தி சொல்கிறது: நியமனக் கடிதத்தின் 14 ஆம் வாசகம் தொடர்ந்தும் வலுவில் இருக்கும். நியமனக் கடிதத்தை வாங்கிப் பார்த்தேன். அதில் மொத்தமே 11 வாசகங்கள்தான். எட்டாவதில் ஆறு மாதத் தடை ஒன்று இருந்தது. உடன்படிக்கையின் பத்தாம் பந்தியோ தடை இரண்டு வருடம், எல்லை வட மாகாணம் முழுவதும் என்கிறது. ஒவ்வொரு பக்கத்தின் அடி மூலையிலும் பிள்ளையின் முதலெழுத்து, நீல மையில், அழகாக.

எதை நம்புவது? முடிந்தது என்று சொல்லும் நாலாம் பந்தியையா, இல்லாத வாசகத்தை உயிரோடு வைத்திருக்கும் ஒன்பதையா, புதிதாய் முளைத்த பத்தையா? சிரிப்புக்குரிய விஷயம்தான். ஆனால் அந்தப் பிள்ளை, வந்த வேலையை ஏற்கலாமா என்று தெரியாமல் வீட்டில் இருந்தது.

இதில் சட்டம் எங்கே நிற்கிறது என்பதை இரு தரப்பும் பிழையாகத்தான் பிடித்து வைத்திருக்கிறீர்கள். இளைஞர்கள் இந்தியக் காணொளிகளைப் பார்த்துவிட்டு, "இப்படித் தடை போடுவது செல்லாது சேர்" என்று வந்து சொல்கிறார்கள். இந்தியாவில் 1872 ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27 ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. வியாபாரத்தை நற்பெயரோடு விற்பவருக்கு மட்டும் அங்கே விதிவிலக்கு. அந்தச் சட்டம் பாக்குநீரிணையைக் கடந்து இங்கே வரவில்லை. நீங்களோ, "கையெழுத்து வைத்தாரா இல்லையா?" என்ற ஒரே கேள்வியோடு நிற்கிறீர்கள். அதுவும் போதாது. வேலை முடிந்த பிறகான வியாபாரத் தடைக்கென்று இலங்கையில் தனிச் சட்டம் கிடையாது. எங்கள் ஒப்பந்தச் சட்டத்தின் அடித்தளம் உரோமன் டச்சுச் சட்டம், மேலே ஆங்கிலச் சட்டத்தின் பூச்சு. நீதிமன்று கடைசியில் பார்ப்பது தடை நியாயமானதா என்பதைத்தான். (யாழ்ப்பாணத்தவர்களுக்குத் தேசவழமை என்ற வழக்காற்றுச் சட்டம் இருக்கிறதே என்று ஒரு முதலாளி என்னிடம் வாதாடினார். அது காணிக்கும் சொத்துக்கும் உரியது ஐயா, மென்பொருளுக்கு அல்ல.)

நியாயமா என்று எப்படிப் பார்ப்பது? இங்கிலாந்தில் 1894 இல் நோர்டன்ஃபெல்ட் வழக்கில், அன்று அந்நாட்டின் மிக உயர்ந்த மன்றாக இருந்த பிரபுக்கள் சபை சொன்னது: வியாபாரத் தடை தோற்றத்திலேயே செல்லாது, நியாயமென்று காட்டினால் மட்டும் செல்லும். துப்பாக்கி, வெடிமருந்து வியாபாரத்தில் 25 வருடம் உலகெங்கும் இறங்கக் கூடாது என்ற தடையை அந்த வழக்கில் அவர்கள் ஏற்றும் கொண்டார்கள். ஏனென்றால் தடைக்கு உட்பட்டவர் சம்பளக்காரர் அல்லர். தன் வியாபாரத்தை 287,500 பவுணுக்கு விற்றவர். இதையே 1913 இன் இன்னொரு வழக்கோடு வைத்துப் பாருங்கள். தவணைக்குத் துணி விற்கும் கொம்பனிக்காக வீடு வீடாகப் போய் ஆள் பிடித்த ஒருவரிடம், லண்டனிலிருந்து 25 மைலுக்குள் மூன்று வருடம் அந்த வேலை செய்யக் கூடாது என்று எழுதி வாங்கியிருந்தார்கள். பிரபுக்கள் சபை அதை ஏற்கவில்லை. அவர் வேலை செய்த இடம் லண்டனில் ஒரு மூலை, தடையோ நகரம் முழுவதையும் விழுங்கியது. வேண்டுமென்றே அகலமாக எழுதிப் பயமுறுத்திவிட்டு, வழக்கென்று வந்ததும் "நியாயமான அளவுக்கு வெட்டித் தாருங்கள்" என்று நீதிமன்றைக் கேட்கும் முதலாளிக்கு உதவக் கூடாது என்று மௌல்டன் பிரபு அதில் கடிந்துகொண்டார். சுன்னாகத்திலும் நெல்லியடியிலும் மோட்டார் சைக்கிளில் திரிந்து தவணைப் பணம் அறவிடும் பிள்ளைகளுக்கு மாகாணம் முழுவதும் தடை எழுதும் பைனான்ஸ் கொம்பனிகள் இதை ஒருமுறை வாசிப்பது நல்லது.

தென்னாபிரிக்காவும் எங்களைப் போல உரோமன் டச்சுப் பரம்பரை. அங்கே 1984 இல் மக்னா அலோய்ஸ் எதிர் எல்லிஸ் வழக்கில் நிரூபிக்கும் சுமையைப் புரட்டிவிட்டார்கள்: தடை செல்லும், அது பொதுநலனுக்கு மாறானது என்று காட்ட வேண்டியது தடைபட்டவரின் பாடு. 1993 இல் பாசன் எதிர் சில்வான் வழக்கு கேட்க வேண்டிய கேள்விகளை வகுத்துத் தந்தது. காப்பாற்றத் தகுந்த நலன் முதலாளிக்கு உண்டா? அதற்கு ஊறு வருகிறதா? அந்த நலனையும் தொழில் செய்து பிழைக்கும் மற்றவரின் நலனையும் தராசில் வைத்தால் எது கனக்கிறது? இவற்றுக்கு அப்பால் பொதுநலன் ஏதும் சொல்கிறதா? எந்த வழியில் போனாலும் இந்தத் தராசில்தான் வந்து நிற்க வேண்டும்.

இனி விலகல் உடன்படிக்கைக்கு வருவோம். அது வந்ததும் தடையின் கதையே மாறிவிடுகிறது. இதை உங்களில் அநேகர் கவனிப்பதில்லை.

பழைய தடை நியமனக் கடிதத்தில் பிறந்தது. "எல்லாக் கடப்பாடுகளும் முடிவுறுகின்றன" என்று நீங்களே எழுதிக் கையெழுத்தும் வைத்தால், பழைய கணக்கைச் சமரசமாகத் தீர்த்து அதன் இடத்தில் புதிய ஒப்பந்தத்தை வைத்துவிட்டீர்கள் என்று எதிர்த்தரப்பு வாதாடும். நல்ல வாதம் அது. தடை பிழைக்க வேண்டுமென்றால் பிழைக்கிறது என்று பெயர் சொல்லி எழுத வேண்டும். இல்லாத 14 ஆம் வாசகத்தை எழுதினால் பிழைக்காது. இன்னும் சிலர் தொழில் நியாய சபையில் வழக்கைச் சமாதானமாக முடிக்கும்போது, "எல்லாப் பிணக்கும் தீர்ந்தது" என்று பதியச் சொல்லிவிட்டு வெளியே வருகிறார்கள். ஆறு மாதம் கழித்து மாவட்ட நீதிமன்றில் அதே ஆளுக்கு எதிராகத் தடையுத்தரவு கேட்டு நிற்கிறார்கள். நீதிபதி முதலில் கேட்பது அந்தப் பதிவைத்தான்.

புதிய தடை எழுதினால் அது வேறு கதை. வேலைக்குச் சேரும் நாளில் எழுதிய அகலமான தடைக்கு உங்களிடம் ஒரு சாக்கு இருக்கும்: இந்தப் பிள்ளை எவ்வளவு உயரம் போகும், எந்த இரகசியத்தை அறியும் என்று அன்றைக்குத் தெரியாது. வெளியேறும் நாளில் அந்தச் சாக்கு கிடையாது. அவர் எந்த வாடிக்கையாளரோடு பேசினார், எந்தக் கோப்பைத் திறந்தார், எந்த ஊரில் அறவிட்டார் எல்லாம் உங்கள் பதிவேட்டில் இருக்கிறது. அப்படித் தெரிந்தும் மாகாணம் முழுவதையும் அடைத்தால், காப்பது உங்கள் நலனை அல்ல, போட்டியையே கொல்லப் பார்க்கிறீர்கள் என்ற கேள்வி வரும். உங்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்கிறேன். கேட்டுப் பேசி, தனியாகக் காசும் வாங்கி, தன் சட்டத்தரணியிடம் காட்டி ஒருவர் கையெழுத்து வைத்திருந்தால், அந்தத் தடையை நீதிமன்று இலேசில் உதறாது. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவருக்கு உண்மையில் பேச இடம் இருந்ததா என்பதில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது.

இந்தக் காசு விஷயத்தில் ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். அந்தப் பிள்ளையின் உடன்படிக்கையில் பணிக்கொடையை "நல்லெண்ணக் கொடுப்பனவு" என்று போட்டிருந்தார்கள். பணிக்கொடை உங்கள் நல்லெண்ணம் அல்ல. 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டப்படி, 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் 5 வருடம் முடித்த மாதச் சம்பளக்காரருக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம், வேலை முடிந்து 30 நாளுக்குள். ஊழியர் சேமலாப நிதிக்கு அவர் 8 வீதம், நீங்கள் 12 வீதம். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு நீங்கள் 3 வீதம். சேமலாப நிதியைப் பராமரிப்பது மத்திய வங்கி, உங்கள் மேசை லாச்சி அல்ல. சட்டப்படி கொடுக்கவே வேண்டிய காசை வரிசையாக எழுதி, கீழே "மேற்படி கொடுப்பனவுகளுக்குப் பதிலாக" என்று தடையைப் போடுவதைத்தான் நான் கணக்கு விளையாட்டு என்கிறேன். எங்கள் சட்டத்தில் ஒப்பந்தத்துக்குக் காசு கைமாறத்தான் வேண்டும் என்றில்லை, நியாயமான காரணம் இருந்தால் போதும் என்று 1918 இலேயே ஜயவிக்கிரம எதிர் அமரசூரிய வழக்கில், அன்றைக்கு எங்கள் இறுதி மேன்முறையீட்டு மன்றாக இருந்த கோமறைக் கழகம் தீர்த்துவிட்டது. ஆகவே "காசு தரவில்லை, அதனால் செல்லாது" என்று மட்டும் சொல்லி உங்கள் ஊழியர் தப்ப முடியாதுதான். ஆனால் தராசில் வைக்கும்போது நீங்கள் எதுவுமே வைக்காத தட்டு மேலே போகும்.

உங்களுக்கு அந்தக் கையெழுத்து எவ்வளவு பெறுமதி என்பதையும் ஊழியர்கள் அறிவதில்லை. 15 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனம், ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் ஒருவரை நிறுத்த வேண்டுமென்றால், 1971 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கச் சட்டப்படி இரண்டே வழி: அவருடைய எழுத்துமூலச் சம்மதம், அல்லது தொழில் ஆணையாளரின் முன் அனுமதி. மீறி நிறுத்தினால் அந்த நிறுத்தமே சட்டத்தில் இல்லை. ஆணையாளரிடம் போனால் 2005 இல் வர்த்தமானியில் வந்த சூத்திரம் காத்திருக்கும். முதல் ஐந்து வருடங்களில் வருடத்துக்கு இரண்டரை மாதச் சம்பளம். நாலு வருடம் வேலை செய்தவருக்கு அது பத்து மாதச் சம்பளம். நீங்கள் இரண்டு மாதச் சம்பளத்தையும் இரண்டு வருடத் தடையையும் சேர்த்துக் கொடுத்து "சம்மதம்" வாங்குகிறீர்கள். வேலி அடைக்கும் சாட்டில் கதியாலை அரை அடி தள்ளிப் போடுவது எங்கள் ஊருக்குப் புதிதல்ல என்றாலும், கைச்சாத்துப் பத்திரத்தில் அதைச் செய்வது கண்ணுக்குத் தெரிகிறது.

அந்தக் கையெழுத்தோடு ஊழியர் இழப்பது இன்னும் உண்டு. தானாகவே விலகினேன் என்று எழுதிக் கொடுத்தவர், என்னை நிறுத்தினார்கள் என்று கைத்தொழிற் பிணக்குகள் சட்டத்தின் 31ஆ பிரிவின் கீழ் தொழில் நியாய சபைக்குப் போனால் முதல் படியிலேயே தடுமாறுவார். அங்கே போவதற்கும் ஆறு மாதம்தான் கெடு. இன்னொன்று: முதலாளி ஒப்பந்தத்தை மீறி ஆளைத் துரத்தினால், அந்த முதலாளியே எழுதிய வியாபாரத் தடையைப் பிறகு தூக்கிப் பிடிக்க முடியாது என்று 1909 இல் பிரபுக்கள் சபை ஒரு தீர்ப்புத் தந்தது. "பரஸ்பர இணக்கத்தின் பேரில் பிரிந்தோம்" என்ற ஒற்றை வரி அந்த வாதத்தையும் ஊழியரின் கையிலிருந்து எடுத்துவிடுகிறது. நிறுத்தியதை இணக்கம் என்று எழுதி வாங்குவது உங்களுக்கு இரட்டை இலாபம். அதற்கு விலை கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

"எங்கள் இரகசியத்தைக் கொண்டு போகிறார்களே" என்பீர்கள். உண்மையான பயம்தான், மறுக்கவில்லை. கஸ்தூரியார் வீதியில் நகைக்கடை வைத்திருப்பவருக்கு வாடிக்கையாளர் புத்தகம் பெரிய சொத்து. வெளிநாட்டுக் கட்சிக்காரரின் நிரல்களை வைத்திருக்கும் ஐ.ரி. கொம்பனிக்கு ஒரு பென்டிரைவ் வெளியே போனால் ஒப்பந்தமே போய்விடும். ஆனால் அதற்குப் போட்டித் தடை தேவையில்லை. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் 160 ஆம் பிரிவு வெளியிடப்படாத தகவலை ஏற்கெனவே காக்கிறது. இரகசியம் பேணும் வாசகம் ஒன்றும், தான் நேரில் கையாண்ட வாடிக்கையாளரைச் சில மாதங்களுக்கு அணுகுவதில்லை என்ற வாசகம் ஒன்றும் எழுதினால் மிச்சத்தையும் மூடிவிடலாம். ரியூட்டரிக்காரர்களுக்குத் தனியே ஒரு சொல்: மாஸ்டர் அடுத்த ஒழுங்கைக்குப் போனால் பிள்ளைகளும் பின்னால் போகிறார்கள் என்றால், அவர்கள் தேடிப் போவது அவருடைய படிப்பிப்பை. ஒருவரின் கைத்திறனும் அனுபவமும் அவருடையவை. அதற்கு உங்கள் கட்டடம் உரிமை கொண்டாட முடியாது.

கொழும்பில் இருப்பவருக்கு ஒரு கொம்பனியை விட்டால் தெருவுக்கு அந்தப் பக்கம் இன்னொன்று. இங்கே அப்படியில்லை. யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா ஐந்தும் அடைபட்டால் அந்தப் பிள்ளை மதவாச்சி தாண்டித்தான் உழைக்க வேண்டும், அல்லது வெளிநாட்டுக்கு முகவர் தேட வேண்டும். படித்த பிள்ளைகள் ஊரில் நிற்பதில்லை என்று மேடைகளில் கவலைப்படுபவர்களும், போன பிறகு கோரிக்கைக் கடிதம் அனுப்புபவர்களும் சில வேளை ஒரே ஆட்களாய் இருக்கிறார்கள். அரசியலமைப்பின் 14(1)(எ) பந்தி சட்டபூர்வமான எந்தத் தொழிலையும் செய்யும் உரிமையைத் தருகிறது. ஆனால் அடிப்படை உரிமை வழக்கை அரசின் செயலுக்கு எதிராகத்தான் போடலாம், உங்களுக்கு எதிராக முடியாது. அதனால்தான் உங்களிடமே நேரே எழுதுகிறேன்.

என்ன கேட்கிறேன்? தடை வேண்டாத இடத்தில் அதை எழுதாதீர்கள், பத்தில் எட்டு உடன்படிக்கைகள் அங்கேயே முடிந்துவிடும் என்பது என் எண்ணம். உண்மையில் வேண்டியிருந்தால் அதைத் தனித்தாளில் எழுதி, தனி விலை போடுங்கள். ஜேர்மனியின் வணிகச் சட்டத்தில், போட்டித் தடை ஊழியரைக் கட்ட வேண்டுமென்றால் தடைக்காலம் முழுவதும் கடைசிச் சம்பளத்தில் குறைந்தது பாதியை முதலாளி கொடுக்க வேண்டும், இரண்டு வருடத்துக்கு மேல் தடை போடவும் முடியாது. எங்கள் சட்டம் அப்படிக் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் பாதிச் சம்பளம் கொடுக்க மனமில்லாத இரகசியம் அவ்வளவு பெரிய இரகசியம் அல்ல என்று எடுத்துக்கொள்ளலாம். எல்லையை அவர் உண்மையில் வேலை செய்த இடத்தோடு நிறுத்துங்கள், காலத்தை ஆறு மாதத்தோடு. சட்டப்படி வர வேண்டிய காசை வேறு தாளில், எந்தக் கையெழுத்துக்கும் காத்திராமல் கொடுத்துவிடுங்கள். சேவைச் சான்றிதழையும் அப்படியே. வாசிக்க ஒரு வாரம் கொடுங்கள், தமிழ்ப் பிரதியும் கொடுங்கள். வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்குக் கூப்பிட்டு, பேனாவை நீட்டி வாங்கிய கையெழுத்தைப் பற்றிச் சாட்சிக் கூண்டில் குறுக்கு விசாரணைக்கு உள்ளாவது உங்கள் மனிதவள முகாமையாளருக்கு இனிமையான அனுபவமாக இருக்காது.

ஏற்கெனவே கையெழுத்து வைத்துப் போனவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு கடிதம் போதும், பதிவுத் தபாலில் அனுப்பலாம்: "உங்கள் விலகல் உடன்படிக்கையில் உள்ள வியாபாரத் தடையை எமது நிறுவனம் வலியுறுத்தாது. இரகசியம் பேணும் கடப்பாடு மாத்திரம் தொடரும்." பணிப்பாளரின் கையெழுத்தும் திகதியும் வைத்து அனுப்புங்கள். அந்த மென்பொருள் பிள்ளையிடம் புதிய இடத்தில் கேட்டதும் இப்படி ஒரு கடிதத்தைத்தான்.

இப்படிக்கு,
யாழ்ப்பாணத்தில் தொழில் வழக்குகள் பார்க்கும் ஒரு சட்டத்தரணி